பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

ஹால் சுவரில் தொங்கிய கடிகாரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "யூகேஜி படிக்கிற நம்ம கோதைக்கு மணி பார்க்கக் கத்துக் கொடுத்துட்டேன். கால், அரை, முக்கால் எல்லாம் அவளுக்கு இப்போ தண்ணி பட்ட பாடு" என்று அலமாரியில் இருந்த டைம்பீஸிடம் பீற்றிக்கொண்டது.

"பார்க்கலாம்" என்றது டைம்பீஸ்.

மறுநாள் காலை, கோதையின் அப்பா இடுப்பில் துண்டோடு சோபாவில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "பாப்பா, மணி என்ன?"

கோதை முட்களைப் பார்த்துச் சொன்னாள். "எட்டே கால்!"

"தப்பு. லேட்டாகக் கூடாதுன்னு நான்தான் அதைப் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருக்கேன். எட்டு அஞ்சுதான் ஆகுது. நிறைய நேரம் இருக்கு" என்று பேப்பரை விரித்தார்.

எட்டு பத்துக்கு வரும் ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

"முன்னாடி தள்ளி வெச்சதும் அந்த ஆளு, நம்பாததும் அந்த ஆளு. நடுவுல என் மானம் போச்சு" என்று கடிகாரம் புலம்பியது.

அடுத்த நாளும் பேப்பருக்குப் பின்னாலிருந்து அதே கேள்வி வந்தது. "பாப்பா, மணி என்ன?"

கோதை கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இன்னும் துண்டோட பேப்பர் படிக்கிறீங்க. அப்போ வேன் போயாச்சு."

தெருமுனையில் திரும்பிப் போகும் வேனின் ஹாரன் கேட்டது.

"இப்போதான் மணி பார்க்கக் கத்துக்கிட்டா" என்றது டைம்பீஸ்.