பூப்போட்ட பலகை

மழைக்கு முன் குடிபோக இடம் தேடி, கரையான் தம்பதி மரக்கடையில் அலைந்தார்கள். தேக்கைக் கடித்ததும் மனைவிக்குப் பல் கூசியது. வேம்பு கசந்தது.

"உங்கப்பா புற்று மாதிரியே வேணும்னா எங்கேடி போறது?" என்றான் கணவன்.

மூலையில் பூப்போட்ட தாள் ஒட்டிய பலகை ஒன்று பளபளத்தது. உள்ளே வெறும் மரத்தூள். கடித்தாள், அல்வாவாகக் கரைந்தது.

"இதுதாங்க நம்ம வீடு! ஆனா யாராவது வாங்கணுமே. கடையிலேயே கிடந்தா மருந்தடிச்சிருவாங்க."

அப்போது சமையலறை அலமாரிக்கு மரம் பார்க்க வந்த பெண்மணி, தேக்கையும் வேம்பையும் தாண்டி வந்து பூக்களைத் தடவினாள்.

"என்ன அழகு! இதையே போடுங்க. வெள்ளிக்கிழமை புது வீட்டுல பால் காய்ச்சணும்."

"கேட்டியா?" என்றான் கணவன். "நமக்கும் சேர்த்தே காய்ச்சிடுவாங்க."