நைலான் இழை

மயிலாப்பூர் டாக்டரம்மாவின் கிளினிக் ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில், கட்டிலில் படுத்திருக்கும் தேசிங்கின் பாதங்களில் விழுகிறது. கட்டட வேலையில் என்னோடு சாரம் கட்டுகிறவன், சர்க்கரை வியாதிக்காரன். நேற்று அவன் காலில் ஆணி ஏறியதை, ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். உணர்ச்சி செத்த காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்கிறார் டாக்டரம்மா. "கண்ண மூடிக்குங்க. தொட்டா 'ம்' சொல்லுங்க." புதுசாக வந்த சோதனையாம். கொத்தனார் கட்டும் நூலைவிட மெல்லிய நைலான் இழையைக் கட்டைவிரலில் வைத்து, அது வில்லாய் வளையும்வரை அழுத்துகிறார். பிறகு உள்ளங்காலில். பிறகு அடுத்த பாதத்தில். மின்விசிறி கடகடக்கிறது. 'ம்' வரவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் மறுபடி கட்டைவிரலுக்கே வருகிறார். இழை வளைந்து நிற்கிறது. தேசிங்கு கண்ணைத் திறக்காமல் சிரிக்கிறான். "இன்னா நைனா, டாக்டரம்மா தூங்கிட்டாங்களா? இன்னும் தொடவேயில்லியே!"