பக்கத்து லிஃப்ட்

“பதறாதீங்கண்ணே. நான் கேக்குறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

மருத்துவமனைக் காவலாளி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு லிஃப்ட்டுகளில் ஒன்று மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. ஆபரேஷனுக்குப் போக வேண்டிய நோயாளியும் இன்னும் சிலரும் உள்ளே. சுவரில் இருந்த எண்ணை அழைத்ததும், லிஃப்ட் கம்பெனியின் பெண் என்ஜினியருக்கு இணைப்புக் கொடுத்தார்கள்.

“ஏதாவது பட்டனைத் தட்டிப் பார்க்கலாமா மேடம்?”

“ஆள் இருக்கிற லிஃப்ட்ல குருட்டாம்போக்குல கை வைக்கக் கூடாது. எப்ப நிக்குதுங்கிற விதி தெரியணும். பக்கத்து லிஃப்ட்டும் அதே மெஷின்தான். அதைக் கேட்டுப் பார்ப்போம். காலியா மேல அனுப்பி, திரும்பக் கூப்பிடுங்க. நடுவுல மாட்டிச்சா?”

“இல்ல. ஒழுங்கா வந்துடுச்சு.”

“மறுபடி அனுப்புங்க. மேல போகும்போது ரெண்டாவது மாடியில யாரையாவது பட்டன் அழுத்தச் சொல்லுங்க.”

நர்ஸ் ஒருத்தி படியேறி ஓடினாள்.

“அப்பவும் மாட்டல மேடம்.”

“அப்போ, கீழே இறங்கும்போது நடுவுல கூப்பிட்டா மாட்டுது. இது என் ஊகம். தப்புன்னா காட்டுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “தப்பு மேடம்” என்றார் காவலாளி பரிதாபமாக. “கூப்பிட்டோம். ஜம்முன்னு இறங்கிடுச்சு.”

மறுமுனையில் சிரிப்பு. “ரொம்ப நல்லதா போச்சு! எங்க தப்புன்னு இப்பத்தானே தெரியுது. அதுல ஃபேன் ஓடுதா?”

“ஓடுது.”

“நிறுத்திட்டு, முதல்ல சும்மா இறக்குங்க; அப்புறம் ஏறும்போதும் இறங்கும்போதும் நடுவுல கூப்பிடுங்க.”

சும்மா இறங்கியபோதும், நடுவில் கூப்பிட்டு ஏறியபோதும் லிஃப்ட் மாட்டவில்லை. கடைசியாக, இறங்கும்போது கூப்பிட்டார்கள். பாதி வழியில் அப்படியே நின்றது.

“ஐயோ, இதுவும் போச்சே!”

“போகலண்ணே, விதி கிடைச்சாச்சு! கீழே இறங்கணும், நடுவுல கூப்பிடணும், ஃபேனும் நின்னிருக்கணும். மூணும் சேர்ந்தாத்தான் மாட்டும். ஒண்ணை மாத்தினாப் போதும். ஃபேனைப் போட்டா கிளம்பிடும்.”

ஆபரேஷனுக்காகக் காத்திருந்த டாக்டர் அசந்துபோனார். “என்ன மூளைய்யா இந்தம்மாவுக்கு! எங்கேயோ உக்காந்துக்கிட்டு, வெறும் கேள்வி கேட்டே கண்டுபிடிச்சுட்டாங்களே!”

காவலாளியின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

“மேடம், ஃபேன் சுவிட்ச் உள்ளே இருக்கே! மாட்டிக்கிட்டவங்களுக்கு இதை யாரு போய்ச் சொல்றது?”

போனில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மாட்டியிருந்த லிஃப்ட் முனகிக்கொண்டே அசைந்து, இறங்கி, கதவைத் திறந்தது.

முதலில் வெளியே வந்த பெண், காதிலிருந்து போனை எடுக்காமலே காவலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

“போட்டுட்டேண்ணே.”