ஒடிலியா பெதோயா டாட் காம்

மழை தகரக் கூரையில் கொட்டுகிறது. ஆர்கிடெக்ட் ஒடிலியா பெதோயா கேட்கும் வலைத்தளப் பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்கிறது மடிக்கணினி. "பெதோயாங்கிற உன் அப்பன் குடும்பப் பேருக்குப் பின்னால என் குடும்பப் பேரையும் போடுடி. எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க," என்கிறாள் அம்மா, தணலில் அரெப்பா என்னும் சோள அடையைத் திருப்பியபடி. "அவ்வளவு நீளத்த எவம்மா தட்டுவான்?" எரிச்சலோடு ஒடிலியா அந்தத் தளத்தையே திறக்கிறாள். பெரெய்ரா நகரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் வேறொரு ஒடிலியா பெதோயா, வயதில் இளையவள், படத்தில் சிரிக்கிறாள். நடுவில் குழி விழுந்த முகவாய். ஒடிலியாவின் கை தன் முகவாயில் உள்ள அதே குழியைத் தடவுகிறது. பெரெய்ராவுக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவே இல்லை. அம்மா ஈரக் கையோடு குனிந்து பார்க்கிறாள். அரெப்பா கருகுகிறது. "ஒரு பேருகூடப் புதுசா யோசிக்கத் துப்பில்ல அந்த ஆளுக்கு," என்கிறாள்.