விளிம்பில் ஒரு பிறை

இந்த முறையும் வரவில்லை.

திரையில் நிலக்கடலைப் பருப்பின் குறுக்குவெட்டு. எந்தக் கொழுப்பு பருப்பில் எங்கே இருக்கிறது என்று இயந்திரம் நிறம் பிரித்துக் காட்டியிருந்தது. சிவப்பு இருந்தது. மஞ்சள் இருந்தது. விளிம்பில் வரவேண்டிய பச்சைப் பிறை மட்டும் இல்லை.

ஆய்வு மாணவி கோகிலவாணி மூக்கை உறிஞ்சினாள். அவள் செய்துபார்ப்பது இது பதினேழாவது தடவை. இன்றைக்கும் வராவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

"எனக்குத்தான் பருப்பைச் சரியா சீவத் தெரியலைங்கக்கா. உங்களுக்கு மொதத் தடவையே வந்துச்சே."

வந்ததுதான்.

கடலையில் அதுவரை யாரும் காணாத கொழுப்பு. அந்தப் படம்தான் கோகிலவாணிக்கு வழிகாட்டும் இவளுக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தது, இந்த ஆய்வக வேலையையும். வராந்தாவில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இவள் அந்தப் பக்கம் போவதில்லை. மாடியைச் சுற்றிக்கொண்டுதான் அறைக்கு வருவாள்.

கட்டுரை அச்சான பிறகுதான் உறைத்தது.

அன்று சீவல் கண்ணாடியில் ஒட்டாமல் சுருண்டது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் ஓரத்தை அழுத்தினாள். காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த விரல்.

யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். நான்கு வருடம் ஓடிவிட்டது.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

"கோகிலா..."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சீவி வெச்சிருக்கேனுங்கக்கா. டீ குடிச்சுட்டு வந்து மிஷின்ல வெக்கறேன். அதுவும் வரலைன்னா அவ்வளவுதான்."

கோகிலவாணி போய்விட்டாள்.

மேசையில் கண்ணாடித் தகடு. அதன்மேல் முடியைவிட மெல்லிய கடலைச் சீவல்.

இவள் கதவைப் பார்த்தாள்.

கையுறையைக் கழற்றினாள்.

காதோர முடிக்குள் விரலை விட்டு எடுத்து, சீவலின் ஓரத்தை அழுத்தினாள்.

பாவம், பிள்ளை பிழைத்துப் போகட்டும். அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு மணிக்குத் திரையில் படம் வரி வரியாக இறங்கியது. ஓரத்தில் பச்சை.

கோகிலவாணி இவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதும்விட்டாள்.

"அப்ப இத்தன நாளா தப்பு எம்மேலதானுங்களாக்கா?"

இவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினாள்.