இரண்டாவது டிக்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தீயணைப்பு நிலையத்தின் சன்னலில் மழை இன்னும் வழிந்துகொண்டிருக்கிறது. ஆற்று வெள்ளத்தில் கைத்தொலைபேசிகள் எல்லாம் செத்துவிட்டதால், தொண்டராக வந்திருக்கும் அமெச்சூர் வானொலிக்காரி தக்சாயினியின் செட் மட்டுமே மேசையில் இரைகிறது. அதன் மஞ்சள் வெளிச்சம் அவள் விரல்களில் விழுந்திருக்கிறது. ஆற்றங்கரை வீட்டிலிருந்து பேசும் இன்னொரு வானொலிக்காரர் இராசலிங்கத்தின் பற்றரி இறங்கிக்கொண்டு போகிறது. குரல் நைந்து இரைச்சலுக்குள் அமிழ்கிறது. அதே அலைவரிசையில் இருக்கும் மற்ற வானொலிக்காரர்கள் எல்லாம் அவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கிறார்கள். "அண்ணை, கதைக்க வேண்டாம். மைக் பட்டனை மட்டும் அமத்துங்கோ. ஓம் எண்டால் ரெண்டு தரம், இல்லையெண்டால் ஒருக்கா. விளங்குதோ?" டிக், டிக். "வெள்ளம் வீட்டுக்குள்ள வந்திட்டுதோ?" டிக், டிக். பக்கத்தில் நிற்கும் தீயணைப்பு அதிகாரி சுவர் வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்துகிறார். "மேல்மாடிக்கு ஏறிட்டியளோ?" டிக், டிக். தக்சாயினிக்கு மூச்சு வருகிறது. பிறகு இராசலிங்கத்தின் மனைவியைப் பற்றிக் கேட்கிறாள். "ஜெயமலர் அக்காவும் உங்களோடதானே நிக்கிறா?" டிக். அதிகாரி அவள் முகத்தைப் பார்க்கிறார். "மொமெண்ட், கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஒன்று வரும்" என்று ஜெர்மனில் சொல்லி, கையை உயர்த்தியபடி செட்டின் மேல் காதைச் சாய்க்கிறாள். இரைச்சல்தான் வருகிறது. உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை.