மூன்றாம் இலக்கம்

கல்லில் ஊற்றிய பால் வடிந்து முடியட்டும் என்று நின்றாள்.

கையில் செல்போன். கேமரா திறந்தே இருந்தது.

பள்ளிச் சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில் அந்தக் கல். சந்தனக் காப்புக்கு நடுவே ஒரே ஒரு 'உ'. பிள்ளையார் சுழி தானாக எழும்பிய கல் என்று ஊரே கும்பிட்டது.

அது சுழி இல்லை. தமிழ் எண். இரண்டு.

பள்ளியின் பழைய வாசல் கல் அது. ஊர்ப் பேச்சில் பள்ளி தொடங்கியது 1926. கல்லில் ௧௯௨௬ என்று இருக்க வேண்டும். ஓட்டுக் கட்டடத்தை இடித்தவர்கள் கல்லை மரத்தடியில் எறிந்துவிட்டு, புதுப் பலகையில் 'தோற்றம் 1971' என்று எழுதினார்கள். பழைய பதிவேடுகள் வெள்ளத்தோடு போயின.

இப்போது பன்னிரண்டு பிள்ளைகள். பக்கத்து ஊரோடு இணைக்கும் பட்டியலில் பள்ளியின் பெயர். நூறு வருடப் பள்ளி என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமாம். தலைமையாசிரியை அவள், ஆறு முறை கல்வி அலுவலகம் போனாள். தேதியில்லாத குரூப் போட்டோவை நீட்டினாள். பிள்ளைகளின் காலடியில் அந்தக் கல், அதில் மங்கலாக நான்கு எண்கள்.

"இதுல என்ன மேடம் தெரியுது? கல்லக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

சந்தனத்தைச் சுரண்ட ஊர் விடவில்லை. வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு வரச் சொன்னாள், பூ விற்று அந்தக் கல்லுக்குப் பூசையும் செய்கிற செல்லத்தாயி.

கடைசிக் குடம் தண்ணீர்.

சந்தனம் கரைந்து ஓடியது.

'உ' நின்றது. இடப்பக்கம் வழவழப்பு. வலப்பக்கமும்.

தடவிப் பார்த்தாள். சிமெண்ட்.

"ரெண்டு பக்கமும் என்னமோ கிறுக்கி வெச்சிருந்தானுவ டீச்சர். சாமிக்கு நல்லாவா இருக்கு? நாந்தான் கொத்தனார வெச்சுக் கொத்தித் தள்ளிட்டு, சிமிட்டி பூசுனேன்."

அவள் சிமெண்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எதுவரைக்கும்மா படிச்சீங்க?"

"அஞ்சாப்பு. நம்ம பள்ளிக்கூடந்தான்!"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள் செல்லத்தாயி.



செல்லத்தாயி குங்குமத் தட்டை நீட்டினாள். "எடுத்துக்குங்க டீச்சர். பள்ளிக்கூடத்த மூடக் கூடாதுன்னுதான் இன்னைக்குப் பாலே ஊத்துனேன்."

செல்போன் திரை தானாக அணைந்தது.

அவள் கையை நீட்டினாள்.